டிக்கெட்டுக்கு முன் படிவம்

ஸ்வராஜ் த்வீப் என்று பெயர் மாறிவிட்ட ஹேவ்லாக் தீவில் காலை ஆறரை மணி. ஏழு மணிக்குப் படகு. ஈர மேசைமேல் நூலில் கட்டிய பேனா, கிளிப் அட்டையில் செருகிய தாள்கள். கணவருக்கு 48 வயது, தினமும் பி.பி. மாத்திரை சாப்பிடுகிறவர். "என்னங்க, மாத்திரை எதாவது சாப்பிடறீங்களான்னு கேட்டிருக்கான். என்ன போட?" என்று மனைவி கேட்கிறார். "நோ போடு. எஸ் போட்டா டாக்டர் லெட்டர் கேப்பான். இந்தத் தீவுல டாக்டரை எங்க போய்த் தேடறது?"

அந்த மேசையில் இந்தப் பேச்சு நடக்காத நாள் குறைவு. பேசுகிறவர்கள் பொய்யர்கள் அல்ல. வருமான வரியை ஒழுங்காகக் கட்டுகிறவர்கள், ரயிலில் டிக்கெட் இல்லாமல் ஏறாதவர்கள். ஆனால் விமானத்துக்கும் கப்பலுக்கும் ஸ்கூபாவுக்கும் பணம் கட்டியாகிவிட்டது, பிள்ளைகள் வெட்சூட்டை மாட்டிக்கொண்டு நிற்கிறார்கள். அந்த அரை மணி நேரத்தில் உண்மை எழுதுகிற மனிதர் அபூர்வம். ஆகவே, நேர்மையாக இருங்கள் என்று இந்த அத்தியாயம் உங்களுக்கு உபதேசம் செய்யப்போவதில்லை. அது சொல்வது ஒன்றுதான்: படிவத்தை ஹைதராபாத்தின் மல்லாபூரிலேயே, டிக்கெட் எடுக்கும் முன்பே நிரப்புங்கள்.

ஹைதராபாத்காரர்களுக்கு இது கூடுதலாகப் பொருந்தும். சென்னையில் இருப்பவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை கோவளத்துக்குப் போய், "டாக்டர் சான்று வேண்டும்" என்று திருப்பி அனுப்பப்பட்டால் மீன் வறுவல் சாப்பிட்டுவிட்டு வீடு திரும்பலாம். நமக்குக் கடல் என்றால் கோவாவின் கிராண்டே தீவு, முருடேஷ்வர் அருகே நேத்ராணி, விசாகப்பட்டினம், இல்லையென்றால் அந்தமான். எங்கே போனாலும் லீவு சொல்லி, முன்பணம் கட்டி, ஓர் இரவாவது பயணம் செய்தாக வேண்டும். செலவு ஏற ஏற 'ஆம்' என்று எழுதும் கை தயங்கும். தயக்கம் வருவதற்கு முன்பே எழுதிவிடுவதுதான் வழி.

படிவம் எப்படி இருக்கும்?

பேடி, எஸ்.எஸ்.ஐ. போன்ற பயிற்சி நிறுவனங்களின் மையங்களில் இன்று கையில் தரப்படுவது, நீரடி மருத்துவ வல்லுநர்கள் 2020-ல் திருத்தி அமைத்த கேள்வித்தாள். பழைய தாளில் நீளமான பட்டியல் ஒன்று இருந்தது. எப்போதோ ஒருமுறை வந்த எதற்கும் 'ஆம்' போட வேண்டியிருந்ததால், அலுத்துப்போய் எல்லாவற்றுக்கும் 'இல்லை' போடுவது பழக்கமாகிவிட்டது. புதிய தாள் அதைவிட நியாயமானது. முதல் பக்கத்தில் பத்தே கேள்விகள். ஏழு கேள்விகளுக்கு 'ஆம்' என்றால் உடனே டாக்டரிடம் போகச் சொல்வதில்லை. அடுத்த பக்கத்தில் ஏ முதல் ஜி வரை உள்ள பெட்டிகளில் ஒன்றுக்குப் போய், அங்குள்ள சில்லறைக் கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். அங்கே எல்லாம் 'இல்லை' என்றால் கையெழுத்துப் போட்டுவிட்டுப் படகேறலாம். மீதி மூன்றுக்கு 'ஆம்' என்றால் நேரே மருத்துவர்தான். அவை: மிதமான உடற்பயிற்சிக்கே திணறுவது, கடந்த 12 மாதங்களில் அறுவை சிகிச்சை அல்லது பழைய அறுவையின் தொடர் தொல்லை, மருத்துவர் எழுதிக்கொடுத்த மாத்திரை சாப்பிடுவது. கருத்தடை மாத்திரைக்கு விலக்கு உண்டு. மெஃப்ளோகுவின் தவிர்த்த மலேரியா மாத்திரைகளுக்கும் உண்டு.

முதல் பக்கத்து 'ஆம்' ஒன்றைப் பார்த்ததுமே பயணம் போச்சு என்று பயப்படுகிறவர்கள் பலர். இரண்டாம் பக்கத்தைப் புரட்டாததால் வருகிற பயம் அது. உதாரணத்துக்கு, 45 வயது தாண்டியவரா என்பது இரண்டாவது கேள்வி. தாண்டியிருந்தால் பெட்டி பி: புகைபிடிக்கிறீர்களா, கொலஸ்ட்ரால் உண்டா, பி.பி. உண்டா, நெருங்கிய ரத்த உறவில் 50 வயதுக்குள் இதயநோய் உண்டா. நான்கும் இல்லையென்றால் வயது மட்டும் ஒரு தடையல்ல.

'மிதமான உடற்பயிற்சி' என்பதற்குப் படிவமே அளவு சொல்கிறது: 1.6 கிலோமீட்டரை 14 நிமிடத்தில் நடப்பது, அல்லது 200 மீட்டரை நிற்காமல் நீந்துவது. படிக்கும்போது சுலபமாகத் தெரியும். பக்கத்துப் பள்ளியிலோ கல்லூரியிலோ 400 மீட்டர் ஓடுபாதை இருந்தால் ஒரு காலையில் போய் நான்கு சுற்று நடந்து பாருங்கள், சுற்றுக்கு மூன்றரை நிமிடம். பூங்காவில் பேசிக்கொண்டே நடக்கும் நடை இதற்குப் போதாது, ஓட்டத்துக்குச் சற்று முந்திய வேகம் வேண்டும். நாற்காலி வேலைக்காரர்கள் மூன்றாவது சுற்றில் இடுப்பில் கை வைப்பார்கள். அது நம் ஊர் நாச்சாரத்தில் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி. நீரோட்டத்தில் படகை நோக்கித் துடுப்படிக்கும்போது தெரியவந்தால் காலம் கடந்துவிடும்.

மூச்சு

எல்லாக் கேள்விகளிலும் நான் அதிகம் கவலைப்படுவது நுரையீரல் பற்றியதுதான். காரணம் எளிய இயற்பியல். பத்து மீட்டர் ஆழத்தில் அழுத்தம் தரையில் இருப்பதைப்போல இரண்டு மடங்கு. அங்கே நெஞ்சு நிறைய இழுத்த காற்று, வெளியே போக வழியில்லாமல் மேலே வந்தால் இரண்டு மடங்காக விரியும். மூச்சை விட்டுக்கொண்டே ஏறினால் பிரச்சினை இல்லை. ஆனால் இளைப்பு உள்ளவருக்கும், பழைய காசநோய்த் தழும்பு உள்ளவருக்கும், நுரையீரலின் ஒரு மூலையில் காற்று சிக்கிக்கொள்ளலாம். அவர் மூச்சு விட்டாலும் அந்த மூலை விடாது. நுரையீரல் கிழிந்து, குமிழ் ரத்தக் குழாய்க்குள் புகுந்து மூளைக்குப் போனால் கரையேறுமுன்பே நினைவு தப்பும். இதற்கு ஆழ்கடல் தேவையில்லை. நெஞ்சு நிறைந்த மூச்சை அடக்கிக்கொண்டு ஒன்றேகால் மீட்டர் மேலே வந்தாலே நுரையீரல் காயப்பட இடமுண்டு. அதாவது, பயிற்சி தரும் நீச்சல்குளத்திலேயே நடக்கலாம்.

நம் ஊரில் இளைப்புக்கு ஒரு தனி அடையாளம் இருக்கிறது. ஜூன் மாதம் மிருகசிரா கார்த்தி நாளில் நாம்பள்ளி கண்காட்சித் திடலில் பத்தினி குடும்பத்தார் கொடுக்கும் மீன் பிரசாதத்துக்கு வரிசையில் நின்றவர்கள் ஹைதராபாத் வீடுகளில் நிறையப் பேர் உண்டு. விரால் குஞ்சின் வாயில் மருந்தை வைத்து உயிரோடு விழுங்கச் சொல்வார்கள், மூன்று ஆண்டு தொடர்ந்து வரச் சொல்வார்கள். அதனால் குணமாகிறதா என்பது வேறு விவாதம். சின்ன வயதில் அம்மா அப்பா உங்களை அந்த வரிசையில் தூக்கிக்கொண்டு நின்றிருந்தால், உங்களுக்கு வீசிங் இருந்திருக்கிறது என்று பொருள். "அதெல்லாம் எட்டு வயசுல போயிடுச்சு" என்று தள்ளாமல் வீட்டில் பெரியவர்களைக் கேளுங்கள்: கடைசியாக எப்போது நெபுலைசர் வைத்தார்கள், பனிக்காலத்தில் இன்னும் இருமுகிறேனா, இன்ஹேலர் எங்கே கிடக்கிறது.

இப்போதைய படிவம் ஆஸ்துமாவைப் பற்றிக் கேட்பது, கடந்த 12 மாதங்களில் உங்கள் உடலுழைப்பை அது கட்டுப்படுத்தியதா என்றுதான். பழைய கதை மட்டும் என்றால் பெட்டியில் 'இல்லை' எழுத உங்களுக்கு உரிமை உண்டு. ஆனால் மல்லாபூர்–நாச்சாரம் தொழிற்பேட்டைப் பக்கம் தூசிக்கும் புகைக்கும் நடுவே ஒரு டிசம்பர் கூட இளைக்காமல் கழிந்ததா என்று பார்த்து எழுதுங்கள். சந்தேகம் இருந்தால் நுரையீரல் மருத்துவரிடம் ஸ்பைரோமெட்ரி செய்துகொள்ளலாம். குழாயில் ஊதுகிற சோதனை, சில நிமிட வேலை. காரணமில்லாமல் ஒருமுறை நுரையீரல் சுருங்கியவர்களுக்கு, அதாவது நியூமோதோராக்ஸ் வந்தவர்களுக்கு, பெரும்பாலான மருத்துவர்கள் அனுமதி தர மாட்டார்கள். வலிப்பு உள்ளவர்களுக்கும் அப்படித்தான். நீருக்கடியில் வாயில் கடித்திருக்கும் ரெகுலேட்டர் நழுவினால் அடுத்த மூச்சு தண்ணீர்தான்.

சர்க்கரையும் பி.பி.யும்

"சுகர் இருந்தா ஸ்கூபா கிடையாது" என்பது பழைய காலத்துப் பேச்சு. 2005-ல் அமெரிக்காவின் நீரடி மருத்துவச் சங்கமும் டைவர்களின் பாதுகாப்புக்கான 'டான்' அமைப்பும் கூடி சர்க்கரை நோயாளிகளுக்கென வழிமுறை வகுத்தன. மாத்திரை தொடங்கியோ மாற்றியோ மூன்று மாதமாவது ஆகியிருக்க வேண்டும். இன்சுலின் என்றால் தொடங்கி ஓர் ஆண்டு. எச்.பி.ஏ.1.சி. 9-க்கு மேல் போகக் கூடாது. கடந்த ஓர் ஆண்டில், சர்க்கரை இறங்கி அடுத்தவர் உதவியால் மீண்ட சம்பவம் இருக்கக் கூடாது. டைவ் நாளில் ஒரு மணி நேரம் முன்பு, அரை மணி நேரம் முன்பு, இறங்கும் தறுவாயில் என்று மூன்று முறை சோதித்து, அளவு 150-க்குக் குறையாமல் நிலையாகவோ ஏறுமுகமாகவோ இருக்க வேண்டும். 300-ஐத் தாண்டினால் அன்று கரையில் உட்கார வேண்டியதுதான். ஆழம் 30 மீட்டருக்குள், நேரம் ஒரு மணிக்குள். சட்டைப் பையில் குளுக்கோஸ். கூட இறங்கும் ஜோடிக்குச் சர்க்கரை இருக்கக் கூடாது.

இவ்வளவும் மறைக்காதவருக்கு மட்டுமே கிடைக்கும் வசதி. மறைத்தவர் பையில் குளுக்கோஸ் இருக்காது. அவர் நீருக்குள் தள்ளாடினால் பயிற்சியாளர் அதைப் பயம் என்று நினைப்பார்.

பி.பி.க்கும் இதே கதைதான். மாத்திரையால் கட்டுக்குள் இருக்கிற பி.பி.யோடு டைவ் செய்கிறவர்கள் உலகமெங்கும் இருக்கிறார்கள். ஆனால் எந்த மாத்திரை என்பது மருத்துவருக்குத் தெரிய வேண்டும். பீட்டா பிளாக்கர் வகை இதயத் துடிப்பை ஏற விடாது. நீரோட்டத்தை எதிர்த்து நீந்தும்போது தேவைப்படும் தெம்பு அந்த நேரத்தில் கிடைக்காமல் போகலாம். இன்னொன்று, தண்ணீரில் மூழ்கினாலே கை கால்களில் இருக்கும் ரத்தம் நெஞ்சுக்குத் திரும்பும். உயர் ரத்த அழுத்தம் உள்ள சிலருக்கு இதனால் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்வதுண்டு. 1992 முதல் 2003 வரையிலான 947 ஸ்கூபா மரணங்களை 'டான்' ஆய்வாளர்கள் அலசியபோது, 26 விழுக்காட்டில் ஆளைச் செயலிழக்க வைத்தது இதயக் கோளாறு. சுறாவுக்குப் பயந்து கூகுளில் தேடுகிறவர்கள் இந்த எண்ணைத் தேடுவதில்லை.

காது, மூக்கு பற்றிச் சுருக்கமாக: செவிப்பறையில் ஓட்டை, காது அறுவை, தலைச்சுற்றல் இருந்தால் இ.என்.டி. பார்க்காமல் கிளம்பாதீர்கள். சளி பிடித்த அன்று மூக்கில் சொட்டு மருந்து விட்டு இறங்குவது இங்கே பரவலான தந்திரம். கீழே இருக்கும்போது மருந்தின் வேகம் தணிந்தால் ஏறும்போது காற்று அடைபட்டு வலி பிளக்கும். இறங்கும்போது அடைத்தால் திரும்பி மேலே வரலாம்; ஏறும்போது அடைத்தால் போக இடமில்லை.

பிறர் எதிரில் எழுத முடியாதவை

படிவத்தின் ஏழாவது கேள்வி மனநலம் பற்றியது. கடந்த ஐந்து ஆண்டுகளில் சிகிச்சை, பீதித் தாக்கு, போதைப் பழக்கம் எல்லாம் அதில் வரும். இதற்கு 'இல்லை' எழுதப்படுவதற்குக் காரணம் பெரும்பாலும் டைவ் ஆசை அல்ல, பக்கத்தில் நிற்கும் ஆட்கள்தான். கம்பெனி டூரில் எச்.ஆர். பெண் எல்லாருடைய தாளையும் வாங்கி அடுக்கிக்கொண்டிருக்கிறார். குடும்பப் பயணத்தில் மாமியார் தோளுக்கு மேலே எட்டிப் பார்க்கிறார். தூக்கத்துக்கு மாத்திரை சாப்பிடுவதை அங்கே யார் எழுதுவார்?

கர்ப்பம் பற்றிய வரியும் அப்படியே. கர்ப்பிணிகளும் கருத்தரிக்க முயல்கிறவர்களும் டைவ் செய்ய வேண்டாம் என்று படிவம் தெளிவாகச் சொல்கிறது. அந்தமானுக்குத் தேனிலவுக்கு வரும் ஜோடிகள் இந்த வரியைப் பார்த்துச் சிரித்துவிட்டுக் கடந்துவிடுகிறார்கள்.

இதற்கு ஒரே மருந்து, அவரவர் தாளை அவரவர் தனியே நிரப்பி டைவ் மையத்துக்கு நேரடியாக அனுப்புவது. கணவன் மனைவிக்காகவும், மனைவி கணவனுக்காகவும் எழுத வேண்டாம். டூர் ஏற்பாடு செய்பவர் கேட்டால், "மெடிக்கல் ஃபார்ம் நான் நேரா அனுப்பிட்டேன்" என்ற பதில் போதும். பதினெட்டு வயதுக்குக் கீழுள்ள பிள்ளைகளுக்குப் பெற்றோர் கையெழுத்திட வேண்டும். அப்போது பிள்ளையை அருகில் வைத்துக் கேளுங்கள். பி.டி. பீரியடில் மூச்சு வாங்குவது அவனுக்கும் அவன் வாத்தியாருக்கும்தான் தெரியும்.

டாக்டரிடம் போவது

ஹப்சிகூடா, தார்நாகா, உப்பல் வட்டாரத்தில் மருத்துவர்களுக்குப் பஞ்சமில்லை. நீரடி மருத்துவம் தெரிந்தவர்களுக்குத்தான் பஞ்சம். அந்தத் துறை நம் நாட்டில் பெரும்பாலும் கடற்படையிடம் இருக்கிறது. மும்பை அஸ்வினி மருத்துவமனை அதன் முக்கிய இடம். உங்கள் குடும்ப டாக்டர் ஒன்று, "இந்த வயசுல எதுக்கு சார் இதெல்லாம்?" என்று மறுப்பார், அல்லது படிக்காமலேயே கையெழுத்துப் போடுவார். இரண்டுமே உதவாது. படிவத்தோடு மருத்துவர் நிரப்ப வேண்டிய பக்கம் வரும். மருத்துவர்களுக்கான நீரடி வழிகாட்டுதலும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. இரண்டையும் அச்சிட்டு, சாப்பிடும் மாத்திரைகளின் பட்டியலோடும் அண்மைச் சோதனை முடிவுகளோடும் போங்கள். "டைவ் பண்ணலாமா?" என்று மொத்தமாகக் கேட்காமல், "பத்து கிலோவுக்கு மேல சிலிண்டரைச் சுமந்து பன்னிரண்டு மீட்டர் இறங்கப்போறேன், இந்த மாத்திரையோட மூச்சு முட்ட நீந்த முடியுமா?" என்று கேளுங்கள். அவருக்குத் தெரிந்த உடலியலுக்குள் கேள்வி வந்துவிட்டால் நல்ல பதில் வரும். சான்று பொதுவாக ஓர் ஆண்டுக்குச் செல்லும், இடையில் புதிய நோய் வராதவரை.

டைவ் கடைக்கு முன்பணம் அனுப்புவதற்கு முன் இரண்டு கேள்வி கேளுங்கள். படிவத்தை வாட்ஸ்அப்பில் இப்போதே அனுப்புவீர்களா? மருத்துவர் மறுத்தால் பணம் திரும்ப வருமா? "எல்லாத்துக்கும் நோ போட்டுடுங்க, ஒண்ணும் ஆகாது" என்று பதில் வந்தால் அந்தக் கடையில் சிலிண்டரின் சோதனைத் தேதியையும் இப்படித்தான் பார்ப்பார்கள் என்று வைத்துக்கொண்டு வேறு கடை தேடலாம்.

இன்ஷூரன்ஸ் விஷயத்தில் ஒரு தவறான எண்ணம் பரவியிருக்கிறது: ஸ்கூபா என்றாலே மெடிக்ளெய்ம் கிடையாது என்று. இந்திய உடல்நலக் காப்பீடுகளின் பொது விலக்கு வாசகம், சாகச விளையாட்டைத் தொழிலாகச் செய்பவரைத்தான் விலக்குகிறது. அந்தப் பட்டியலில் ஸ்கூபாவும் இருக்கிறது. சுற்றுலாவுக்குப் போனவர் அந்த வரியில் வரமாட்டார். விபத்துக் காப்பீட்டுக்கும் பயணக் காப்பீட்டுக்கும் வாசகம் வேறு, படித்துப் பாருங்கள். ஆனால் நோயை மறைத்த கதை தனி. சர்க்கரை நோயைச் சொல்லாமல் மெடிக்ளெய்ம் எடுத்த ஒரு வழக்கில், நியூ இந்தியா அஷ்யூரன்ஸ் பணம் தர மறுத்தது சரி என்று 2009-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கடற்கரையில் 'இல்லை' என்று கையெழுத்திட்ட தாள், ஹைதராபாத்தில் மாதாமாதம் மாத்திரை வாங்கிய பில், இரண்டும் ஒரே கோப்பில் சேர்ந்தால் என்ன ஆகும் என்று வக்கீலைக் கேட்கத் தேவையில்லை.

படிவம் கேட்காத ஒன்றையும் இங்கே சொல்லிவிடுகிறேன். ஒரு டைவ் என்றால் 12 மணி நேரமும், பல டைவ் என்றால் 18 மணி நேரமும் விமானம் ஏறக் கூடாது என்பது பலருக்குத் தெரியும். கோவாவில் காலையில் டைவ் செய்துவிட்டு மாலை ஸ்லீப்பர் பஸ் பிடிக்கிறவர்கள் மலையை மறந்துவிடுகிறார்கள். வழியில் வரும் பெலகாவி கடல்மட்டத்திலிருந்து சுமார் 750 மீட்டர் உயரம். விமானத்துக்கான காத்திருப்பு விதி 600 மீட்டருக்கு மேலான எந்த ஏற்றத்துக்கும் பொருந்தும். டைவ் நாளுக்கும் பஸ் நாளுக்கும் நடுவே ஓர் இரவு தங்குங்கள்.

மறைத்துவிட்டுக் கிளம்பியாகிவிட்டது என்றால்?

அப்போதும் சொல்லலாம். படகில் சொல்லலாம், இறங்கும் முன் சொல்லலாம். பயிற்சியாளர் ஆழத்தைக் குறைப்பார் அல்லது வேண்டாம் என்பார். மேலே வந்தபின் நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், இருமலில் நுரை அல்லது ரத்தம், கை கால் மரத்தல், பேச்சுக் குழறல், வழக்கத்துக்கு மாறான களைப்பு எது வந்தாலும் முதல் வேலை நூறு விழுக்காடு ஆக்சிஜன், அடுத்த வேலை உண்மையைச் சொல்வது. குமிழால் வந்த மயக்கத்தையும் சர்க்கரை இறங்கிய மயக்கத்தையும் வெளியிலிருந்து பார்த்துப் பிரிப்பது கடினம். சிகிச்சை முற்றிலும் வேறு. அந்தமானில் அழுத்தக் கலன் சிகிச்சைக்குப் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறிவிட்ட போர்ட் பிளேரில் உள்ள கடற்படையின் தன்வந்தரி மருத்துவமனைக்குத்தான் கொண்டுபோக வேண்டியிருக்கும். ஸ்வராஜ் த்வீப்பிலிருந்து கப்பலில் ஒன்றரை முதல் இரண்டரை மணி நேரம், அதுவும் கப்பல் இருக்கிற நேரமாக இருந்தால். பேச முடியாத நிலையில் இருப்பவருக்காக யாராவது சொல்ல வேண்டியிருக்கும். ஆகவே நோயின் பெயர், மாத்திரையின் பெயர், அளவு, கடைசியாகச் சாப்பிட்ட நேரம் நான்கையும் ஒரு துண்டுத்தாளில் எழுதி, கூட இறங்கும் ஜோடியிடமோ படகில் இருக்கும் பொறுப்பாளரிடமோ கொடுத்து வையுங்கள். ஃபோனில் எழுதி வைக்காதீர்கள். அது லாக் ஆகியிருக்கும்.